மெயில் வந்தா மணி அடிக்கணுமா?

வாசகர் கேள்வி பதில்: இந்த வாரம் இமெயில்

போன மாசம் இந்தப் பக்கத்துல இமெயில் பாஸ்வேர்டு பத்தி எழுதினேன். அதுக்கப்புறம் தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துல இருந்தும் வந்த கடிதங்கள்ல ஒரே கேள்விதான் வேற வேற ரூபத்துல திரும்பத் திரும்ப வருது. சில பேருக்கு மெயில் வந்ததே தெரியல, சில பேருக்கு மெயில் வர்ற சத்தத்துல நிம்மதியே இல்ல. அதனால இந்த வாரம் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ரொம்ப வருஷமா கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்கேன், இங்க சொல்றது பூராவும் கடைக்கு வர்றவங்க போனையும் என் போனையும் நோண்டிப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்.

அண்ணா, நான் பி.இ. முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு. பாப்பாரப்பட்டி பக்கம் கிராமம். ஓசூர்ல ஒரு கம்பெனியில எழுத்துத் தேர்வு எழுதிட்டு வந்தேன், இன்டர்வியூ தேதி மெயில்ல வரும்னு சொன்னாங்க. போன கையிலயே வெச்சுக்கிட்டு சுத்தினேன், ஒரு சத்தமும் வரல. சரி ஒரு தடவ திறந்து பாப்போம்னு பாத்தா மெயில் ஒன்பது நாளா அங்கயே கெடக்கு, இன்டர்வியூ முந்தின நாளே முடிஞ்சு போச்சு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. போன் ஏன் எனக்கு சொல்லல? இனிமே சொல்ல வைக்க என்ன பண்ணணும்?
(பட்டதாரிப் பெண், பாப்பாரப்பட்டி)

தங்கச்சி, மொதல்ல ஒரு வேலை பண்ணு. அந்த மெயிலுக்கே ரிப்ளை போடு, இன்னிக்கே. மெயில் எனக்கு நேத்துதான் கண்ணுல பட்டது, இன்டர்வியூக்கு வர முடியாம போச்சு, அடுத்த தேதி ஏதாவது இருந்தா கூப்பிடுங்க, இது என் போன் நம்பர், அவ்வளவுதான். நாலு வரிக்கு மேல வேணாம், ரொம்ப கெஞ்சவும் வேணாம். பதில் வரலாம் வராமயும் போகலாம், ஆனா எழுதாம விட்டுட்டா அந்த வாய்ப்பும் இல்ல.

இப்ப போன் ஏன் சொல்லலங்கறதுக்கு வர்றேன். அந்த மெயில் எந்த இடத்துல கெடந்துச்சுன்னு நீ எழுதல, அதுதான் முக்கியம். ஜிமெயில் 2013ல இருந்து வர்ற மெயிலை அதுவே ப்ரைமரி, சோஷியல், ப்ரமோஷன்ஸ்னு பிரிச்சுப் போட ஆரம்பிச்சிருச்சு. ப்ரைமரியில விழுந்தா சத்தம் வரும். ப்ரமோஷன்ஸ்ல விழுந்தா, நீயா செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணாத வரைக்கும் சத்தமே வராது, துணிக்கடை தள்ளுபடி மெயிலோட அதுவும் கெடக்கும். வேலைக்கு எடுக்கற கம்பெனிங்க ஒரே நேரத்துல நூத்துக்கணக்கான பேருக்கு மெயில் அனுப்புறதால அது விளம்பரம் மாதிரி தெரிஞ்சு அங்க போய் விழறது சகஜம். குப்பை மெயிலை ஒதுக்கற ஸ்பாம் பெட்டியில விழுந்தா இன்னும் மோசம், அதுக்கு சத்தமும் இல்ல, 30 நாள்ல தானா அழிஞ்சும் போயிரும். ப்ரமோஷன்ஸ்ல கெடந்திருந்தா அந்த மெயிலை ப்ரைமரிக்கு மாத்து, இனிமேலும் இவங்க மெயிலை இப்படியே போடவான்னு கேட்டா ஆமான்னு சொல்லிரு.

ப்ரைமரியிலயேதான் இருந்துச்சுன்னா கோளாறு போன்ல. என் கடைக்கு வர்ற போன்ல பாதி எப்பப் பாத்தாலும் பேட்டரி சேவர்லயேதான் ஓடுது. கிராமத்துல சார்ஜ் நிக்கணும்னு போட்டு விட்டுர்றாங்க, தப்பு சொல்ல முடியாது, ஆனா அது மெயில் ஆப்பைத் தூங்க வெச்சிரும். பேட்டரி சேவரை ஆஃப் பண்ணிட்டு, செட்டிங்ஸ்ல ஆப்ஸ், அதுல ஜிமெயில், அதுல பேட்டரின்னு போனா கட்டுப்பாடு இல்லாம ஓட விடுன்னு ஒண்ணு இருக்கும், அதைப் போடு. சில கம்பெனி போன்ல ஆட்டோஸ்டார்ட்னு தனியா ஒரு சுவிட்சு இருக்கும், அதுவும் ஆன்ல இருக்கணும். டேட்டா சேவர் போட்டிருந்தா அதுல ஜிமெயிலுக்கு மட்டும் விலக்கு குடு.

புது போனா இருந்தா இன்னொண்ணு. ஆண்ட்ராய்டு 13ல இருந்து ஒவ்வொரு ஆப்பும் நோட்டிபிகேஷன் அனுப்பட்டுமான்னு உங்கிட்ட அனுமதி கேட்கும். மொத நாள் அவசரத்துல வேணாம்னு தட்டி விட்டிருந்தா அப்புறம் அது கம்முனு இருக்கும். ஆப்புக்குள்ளயே மூணு கோடு, செட்டிங்ஸ், உன் மெயில் ஐடி, அதுல நோட்டிபிகேஷன்ஸ்னு போனா எல்லாம், முக்கியமானது மட்டும், ஒண்ணும் வேணாம்னு மூணு இருக்கும். வேலை கெடைக்கற வரைக்கும் எல்லாம்ங்கறதுல வை. அதே பக்கத்துல கீழ சின்க் ஜிமெயில்னு ஒண்ணு இருக்கும், சர்வர்ல வந்த மெயிலை தானா போனுக்கு இறக்கற சுவிட்சு அது, அதுல டிக் இல்லன்னா மேல சொன்னது எதுவுமே பிரயோஜனமில்ல.

எல்லாம் பண்ணிட்டு சோதிச்சுப் பாக்காம விட்டுராத, இதைத்தான் யாரும் செய்யறதில்ல. அப்பா போன்ல இருந்தோ தோழி போன்ல இருந்தோ உனக்கு ஒரு மெயில் அனுப்பச் சொல்லு, உன் போனை லாக் பண்ணி மேசை மேல வை. உடனே சத்தம் வரும், சந்தோஷப்படாத. போனைத் தொடாம ஒரு மணி நேரம் அப்படியே வெச்சிட்டு திரும்ப ஒண்ணு அனுப்பச் சொல்லு. தூக்கம் போட்ட போன் எந்திரிச்சு சொல்லுதாங்கறதுதான் பரீட்சை. ரெண்டாவதுக்கு சத்தம் வரலைன்னா பேட்டரி பக்கம் இன்னும் ஏதோ அடைபட்டு இருக்குன்னு அர்த்தம், போனை எடுத்துக்கிட்டு கடைக்கு வா, பாத்துத் தர்றேன்.

சத்தம் வந்தாலும் வராட்டியும் காலையில ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ ப்ரைமரி, ப்ரமோஷன்ஸ், ஸ்பாம் மூணையும் கையால திறந்து பாக்கறத விடாத. டிஎன்பிஎஸ்சி எழுதறவங்களுக்கும் இதையே சொல்றேன், மெயிலோ எஸ்எம்எஸ்ஸோ வந்து சேரலைன்னா தேர்வாணையம் பொறுப்பில்லன்னு அறிவிக்கையிலயே போட்டிருப்பாங்க, அவங்க வெப்சைட்டை நாமளா போய்ப் பாத்துக்கணும்.

அம்மாகிட்ட சொல்லிரும்மா. மனசுக்குள்ளயே வெச்சு எத்தன நாளைக்கு சுமப்ப.

சார், நான் கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரியில எக்ஸ்போர்ட் டாக்குமெண்ட் பாக்கறேன். சீசன்ல வெளிநாட்டு பார்ட்டி, ஷிப்பிங் ஏஜென்ட், லேப், பேங்க் எல்லாரும் மெயில்தான். ராத்திரி பன்னெண்டு மணிக்கும் டிங் டிங்குனு அடிச்சுக்கிட்டே இருக்கு, வீட்ல கைக்குழந்தை இருக்கு, வீட்டுக்காரம்மா சண்டை. சத்தத்தை ஆஃப் பண்ணா ஏதாவது முக்கியமானது போயிருமோன்னு நான் தூங்கறதில்ல. என்ன பண்றது?
(ஏற்றுமதிப் பிரிவு ஊழியர், கிருஷ்ணகிரி)

இந்தக் கடிதத்தைப் படிச்சப்ப எனக்கு பழைய தந்தி ஞாபகம் வந்துச்சு. எங்க தாத்தா வீட்ல தபால்காரர் பெல் அடிச்சா யாரும் எந்திரிக்கக்கூட மாட்டாங்க, திண்ணையில வெச்சிட்டுப் போங்கம்பாங்க. தந்திக்காரர் வந்தா மட்டும் பிரிக்கறதுக்கு முன்னாடியே பாட்டி அழ ஆரம்பிச்சிரும். கடிதம் வேற, தந்தி வேறன்னு எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் தெரிஞ்சிருந்துச்சு. தந்தி சேவையை 2013 ஜூலையில நிறுத்திட்டாங்க. இப்ப ஒவ்வொரு மெயிலும் தந்தி மாதிரி சத்தம் போட்டுக்கிட்டு வருது, அதுல எது தந்தின்னு போனுக்குத் தெரியாது, நாமதான் சொல்லிக் குடுக்கணும்.

சொல்லிக் குடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்கு போடுங்க. உங்க சரக்கு சவுதிக்கும் நெதர்லாந்துக்கும் போகுதுன்னு வெச்சுக்குவோம், நம்ம மாங்கூழ் அதிகமா போற ஊருங்க அதுதான். மாங்கா சீசன்ல ஐரோப்பாவுல கோடை நேரக் கணக்கு ஓடும், அப்ப நெதர்லாந்து நம்மளை விட மூணரை மணி நேரம் பின்னாடி. அவங்க ஆபீஸ் காலை 9 மணிக்குத் திறந்தா நமக்கு மதியம் 12.30. சாயந்தரம் 5 மணிக்கு அவங்க கிளம்பறப்ப ஒரு மெயில் தட்டி விட்டா நமக்கு ராத்திரி 8.30. அதுக்கு நீங்க ராத்திரி 11 மணிக்கு எந்திரிச்சு பதில் போட்டாலும் படிக்க அங்க ஆள் இல்ல. காலையில 9 மணிக்கு ஃபேக்டரிக்குப் போய் நிதானமா பேப்பரைப் பாத்துட்டு 11 மணிக்கு பதில் போட்டாலும் அவங்க வந்து உக்காரும்போது அது மேல காத்துக்கிட்டு இருக்கும். சவுதி நம்மளை விட ரெண்டரை மணி நேரம் பின்னாடி, அங்கயும் அப்படித்தான். ஆனா அவங்களுக்கு வெள்ளி, சனி லீவு, ஞாயித்துக்கிழமை வேலை நாள். அதனால நீங்க பயப்பட வேண்டியது ராத்திரிக்கு இல்ல சார், ஞாயித்துக்கிழமைக்கு. அன்னிக்கு மதியம் ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ கண்டிப்பா திறந்து பாருங்க.

அப்ப நெசமான தந்தி எது? கப்பல் கட்-ஆஃப், அதாவது சரக்கைக் கொண்டு போய்ச் சேக்க வேண்டிய கடைசி நேரம், மாறறது, கன்டெய்னர் துறைமுகத்துல நின்னு போறது, லாரி வழியில நிக்கறது. இது எதுக்குமே மெயிலை நம்பிக்கிட்டு இருக்கக்கூடாது. ஏஜென்ட் கிட்ட ஒரு வரி சொல்லிருங்க, ராத்திரி 9க்கு மேல அவசரம்னா மெயில் போட்டுட்டு போன்லயும் கூப்பிடுங்கன்னு. பார்ட்டிகிட்டயும் சொல்லலாம், வெளிநாட்டுக்காரங்க இதைத் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. போன்ல ராத்திரிக்கு டூ நாட் டிஸ்டர்ப் போட்டு, அந்த ஏஜென்ட் நம்பரையும் ஃபேக்டரி நம்பரையும் வீட்டு ஆளுங்களையும் ஸ்டார் போட்டு, ஸ்டார் போட்டவங்க கால் மட்டும் அடிக்கட்டும்னு வெச்சிருங்க. குழந்தை தூங்கும், கால் வந்தா நீங்க எந்திரிப்பீங்க.

பகல்ல இன்னொரு வேலை. கம்ப்யூட்டர்ல ஜிமெயிலைத் திறங்க, போன் ஆப்ல இது வராது. மேல தேடற பெட்டியோட ஓரத்துல இருக்கற குறியை அமுத்தி, அனுப்பறவங்க இடத்துல பார்ட்டியோட மெயில் ஐடியை அடிச்சு ஃபில்டர் போடுங்க. எப்பவும் முக்கியமானதுன்னு குறி, ஸ்பாமுக்கு அனுப்பாத, 'பார்ட்டி'ன்னு ஒரு லேபிள் ஒட்டுன்னு மூணையும் டிக் பண்ணுங்க. அப்புறம் போன்ல ஜிமெயில் செட்டிங்ஸ்ல லேபிள்களை நிர்வகிக்கற இடத்துக்குப் போய் 'பார்ட்டி' லேபிளுக்கு சின்க் ஆன் பண்ணி, அதுக்கு மட்டும் ஒவ்வொரு மெயிலுக்கும் சத்தம்னு வெச்சு, இன்பாக்ஸ் சத்தத்தை நிறுத்திருங்க. லேப் ரிப்போர்ட்டும் பேங்க் அட்வைஸும் சத்தமில்லாம வந்து சேரும், நீங்க போய் எடுத்துக்கலாம்.

வீட்டுக்காரம்மா சண்டை போடறதுல நியாயம் இருக்கு சார்.

மாமா, மெயில் வந்தா சத்தம் போடற ஐடியா மொதல்ல யாருக்கு வந்துச்சு?
(எட்டாம் வகுப்பு மாணவன், அரூர்)

நல்ல கேள்வி கண்ணா. ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் வழியா மொத மெயிலை 1971ல அமெரிக்காவுல ரே டாம்லின்சன்னு ஒருத்தர் அனுப்பினாரு. மெயில் ஐடி நடுவுல வர்ற சுழி 'அட்' குறியைப் போட்டதும் அவர்தான். அப்ப எல்லாம் மெயில் வந்திருக்கான்னு பெரும்பாலும் நாமளாப் போய்த்தான் பாக்கணும். 1980 வாக்குல கலிபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல யூனிக்ஸ் கம்ப்யூட்டருக்கு 'பிஃப்'னு ஒரு சின்ன புரோகிராம் எழுதினாங்க. மெயில் வந்த உடனே நீ வேலை பாத்துக்கிட்டு இருக்கற ஸ்க்ரீன்லயே பீப்னு சொல்லி, யாரு அனுப்பினாங்கன்னு காட்டிரும். பிஃப்ங்கறது அங்க சுத்திக்கிட்டு இருந்த ஒரு நாயோட பேரு! தபால்காரரைப் பாத்து குரைக்கும், அதனாலதான் அந்தப் பேருன்னு ஒரு கதை இருக்கு, ஆனா நாயை வளர்த்தவங்களே அது உண்மையில்லன்னு சொல்லிட்டாங்க.

எனக்கு அதுல ரொம்பப் புடிச்சது என்னன்னா, 'பிஃப் ஒய்'னு அடிச்சா சொல்ல ஆரம்பிக்கும், 'பிஃப் என்'னு அடிச்சா நிறுத்திக்கும். சத்தத்தைக் கண்டுபுடிச்ச அன்னிக்கே அதை நிறுத்தற சுவிட்சையும் சேத்தே வெச்சிட்டாங்க பாத்தியா.

வணக்கம். அஞ்செட்டி தாண்டி ஒரு மலை கிராமப் பள்ளியில ஆசிரியையா இருக்கேன். பள்ளிக்குப் பின்னால பாறை மேல ஏறினாதான் ரெண்டு கோடு சிக்னல். "இன்று மாலை 4 மணிக்குள் விவரம் அனுப்பவும்"னு மெயில் வருது, நான் அதைப் பாக்கறதே சாயந்தரம் கீழ இறங்கி வந்த பிறகுதான். அப்ப ஒரேயடியா இருபது மெயில் கொட்டுது. வேற போன் வாங்கினா சரியாகுமா?
(ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்)

போன் வாங்காதீங்க டீச்சர், காசு வீண். மெயில் வந்திருக்குன்னு சொல்றது உங்க போன் இல்ல, தூரத்துல இருக்கற சர்வர். அது சொல்றது காதுல விழணும்னா போன் அந்த நேரத்துல நெட்ல இருக்கணும். சிக்னல் இல்லாதப்ப மெயில் தொலைஞ்சு போறதில்ல, அங்கயே காத்துக்கிட்டு இருந்து, நீங்க கீழ வந்ததும் மொத்தமா இறங்குது. லட்ச ரூபா போனுக்கும் இதே கதைதான்.

ஆனா இருக்கறத வெச்சு கொஞ்சம் சமாளிக்கலாம். காலையில மலை ஏறறதுக்கு முன்னாடி சிக்னல் இருக்கற கடைசி ஸ்டாப்புல மெயிலைத் திறந்து ஸ்க்ரீனைக் கீழ இழுத்து விடுங்க, புதுசா இருக்கறது எல்லாம் இறங்கிரும். ஜிமெயில் ஆப் சாதாரணமா 30 நாள் மெயிலை போன்லயே வெச்சிருக்கும், நெட் இல்லாமயே படிக்கலாம். கூட ஒட்டி வர்ற பைல் அப்படி இல்ல, எக்செல்லோ பிடிஎஃப்போ இருந்தா அங்கயே டவுன்லோடு பண்ணிக்கங்க. பள்ளியில உக்காந்து பதிலை எழுதி அனுப்புன்னு அமுத்திருங்க, சிக்னல் இல்லைன்னா அவுட்பாக்ஸ்ல நிக்கும், பாறை மேல ஏறின உடனே தானா போயிரும். பாறையில நின்னுக்கிட்டு வெயில்ல டைப் அடிக்க வேணாம்.

இன்னொண்ணு, வட்டார வள மையத்துல உங்களுக்குப் பழக்கமான யாராவது இருந்தா, அன்னிக்கே முடிக்க வேண்டிய மெயில் வந்தா ஒரு எஸ்எம்எஸ் போடச் சொல்லுங்க, வாட்ஸ்அப் வேணாம். எஸ்எம்எஸ்ஸுக்கு டேட்டா தேவையில்ல, பேச்சு விட்டு விட்டுக் கேக்கற சிக்னல்ல கூட பல தடவ வந்து சேர்ந்திரும். மெயில் அனுப்பற ஆபீஸ்காரங்களுக்கும் இந்தப் பக்கத்து வழியா ஒரு வேண்டுகோள் வெக்கறேன். நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் அஞ்செட்டி மாதிரி, சித்தேரி மாதிரி, வத்தல்மலை மாதிரி ஊருங்க இருக்கு. மதியம் அனுப்பிட்டு நாலு மணிக்குள்ள கேட்டா அந்த மலையில இருக்கற டீச்சர் என்ன பண்ணுவாங்க? ஒரு நாள் கூடக் குடுங்க.

செகண்ட் ஹேண்ட்ல ஐபோன் வாங்கினேன் அண்ணா. அதுல இருக்கற மெயில் ஆப்ல என் ஜிமெயிலைப் போட்டேன். ஃப்ரெண்டு ஆண்ட்ராய்டுல உடனே வர்ற மெயில் எனக்கு அரை மணி நேரம் கழிச்சு வருது. போன்ல கோளாறா?
(சிப்காட் தொழிலாளி, ஓசூர்)

கோளாறு இல்ல தம்பி. தபால்காரர் வீட்டுக்கு வந்து குடுக்கறது ஒண்ணு, நாம தபால் ஆபீஸ் போய் ஏதாவது வந்திருக்கான்னு கேக்கறது ஒண்ணு. ஐபோனோட மெயில் ஆப் ஜிமெயிலுக்கு ரெண்டாவது மாதிரிதான் வேலை செய்யும், அப்பப்ப போய்க் கேட்டுட்டு வரும். எத்தன நேரத்துக்கு ஒரு தடவ கேக்கணும்ங்கறதை செட்டிங்ஸ்ல மெயில் அக்கவுண்ட்ஸ் போனா ஃபெட்ச் நியூ டேட்டாங்கற இடத்துல வெக்கலாம், 15 நிமிஷம்தான் குறைஞ்சது. தானாகவேன்னு வெச்சிருந்தா சார்ஜ் போட்டு வைஃபையில இருக்கறப்ப மட்டும்தான் பின்னாடி போய்க் கேட்கும், உன் போன்ல அப்படித்தான் இருக்கும்னு நினைக்கறேன். உடனே வேணும்னா ஜிமெயிலோட சொந்த ஆப்பை இறக்கி அதுல நோட்டிபிகேஷன் ஆன் பண்ணிக்க, வேலை முடிஞ்சது. மெஷின் பக்கம் நிக்கறப்ப மட்டும் போனை சைலன்ட்ல போட்டு லாக்கர்ல வெச்சிரு தம்பி, கை பத்திரம்.

காவேரிப்பட்டணத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேங்க. கஸ்டமர் மெயில்ல அனுப்பறத பிரிண்ட் போட்டுக் குடுக்கறோம். மெயில் வந்தா கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல காட்டற மாதிரி வெக்க முடியுமா?
(கடைக்காரர், காவேரிப்பட்டணம்)

முடியும்ங்க. கம்ப்யூட்டர்ல ஜிமெயில் திறந்து பல்சக்கரம், எல்லா செட்டிங்ஸும், ஜெனரல், அதுல கொஞ்சம் கீழ போனா டெஸ்க்டாப் நோட்டிபிகேஷன்ஸ். புது மெயில் எல்லாத்துக்கும்னு வெச்சு, கடைசிக்குப் போய் சேவ் அமுத்துங்க, சேவ் அமுத்தாம வந்துட்டு வேலை செய்யலங்கறவங்கதான் ஜாஸ்தி. பிரவுசர் அனுமதி கேக்கும், குடுங்க. ஜிமெயில் பக்கம் ஏதாவது ஒரு டேப்ல திறந்தே இருக்கணும், மூடிட்டா சொல்லாது.

ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க மானிட்டர் எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு? நெறைய கடையில கஸ்டமர் பாக்கற மாதிரி திருப்பி வெச்சிருக்காங்க. மெயில் வந்தா ஓரத்துல யாரு அனுப்பினாங்க, என்ன விஷயம்னு பளிச்சுனு காட்டும். ஒரு பொண்ணு ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை பிரிண்டுக்கு அனுப்பிட்டு வெளிய நிக்கும், அதோட பேரும் விஷயமும் உள்ள நிக்கற நாலு பேருக்குத் தெரிஞ்சா நல்லா இருக்குமா? உங்க ஊரு சின்ன ஊரு. மானிட்டரை உங்க பக்கமே திருப்பிக்கங்க, ராத்திரி கடை சாத்தறதுக்கு முன்னாடி அன்னிக்கு வந்த ஆதார், மார்க்‌ஷீட் மெயிலை எல்லாம் அழிச்சிட்டு ட்ராஷையும் காலி பண்ணிருங்க.

நான் ஓய்வு பெற்றவன், வயது 71. "உங்கள் வங்கிக் கணக்கு இன்று முடக்கப்படும்" என்று மெயில் வந்திருப்பதாக போன் அடிக்கடி காட்டுகிறது. பார்த்தாலே படபடப்பாக இருக்கிறது.
(வாசகர், பாலக்கோடு)

ஐயா, அதைத் தொடாதீங்க. நோட்டிபிகேஷன்ல தெரியற பேரு அனுப்பினவன் தானா வெச்சுக்கிட்ட பேரு, யாரு வேணும்னாலும் பேங்க் பேரைப் போட்டுக்கலாம். உள்ள திறந்து அந்தப் பேரைத் தட்டினா நெஜ மெயில் ஐடி தெரியும், பெரும்பாலும் அது கண்டதும் கடியதுமா இருக்கும். லிங்கை அமுத்த வேணாம், ஸ்பாம்னு குறிச்சு விட்டுருங்க, அப்படிச் செஞ்சா அதே ஐடியில இருந்து வர்றது பெரும்பாலும் ஸ்பாமுக்கே போயிரும், போன் சத்தம் போடாது. மனசு கேக்கலைன்னா பாஸ்புக்கை எடுத்துக்கிட்டு உங்க பேங்க்குக்கே ஒரு நடை போயிட்டு வாங்க. தெரியாம எங்கயாவது நம்பரோ ஓடிபியோ குடுத்து பணம் போயிருந்தா ஒரு நிமிஷம் கூட தாமதிக்காம சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் பண்ணணும், சீக்கிரம் சொன்னாதான் பணத்தை வழியில நிறுத்த வாய்ப்பு இருக்கு.

உங்க வயசுக்கு மெயில் சத்தமே தேவையில்லைங்க ஐயா. பேங்க்ல இருந்து வர்ற எஸ்எம்எஸ் சத்தம் மட்டும் இருக்கட்டும், மெயிலை பையனோ பேத்தியோ வந்தப்ப கூட உக்காந்து பாத்துக்கலாம். லாக் ஸ்க்ரீன்ல மெயில் விஷயம் தெரியாம மறைச்சு வெக்கவும் முடியும், அவங்களையே செய்யச் சொல்லுங்க.

எல்லாருக்கும் சொல்றீங்களே, நீங்க உங்க போன்ல எப்படி வெச்சிருக்கீங்க?
(வாசகி, தருமபுரி)

மூணு பேருக்கு மட்டும் சத்தம். மத்ததை காலையில கடை திறந்ததும், மதியம் சாப்பிட்டதும், ராத்திரி சாத்தறதுக்கு முன்னாடியும் பாக்கறேன். இப்படி ஆனதுக்கு ரெண்டு காரணம் இருக்கு, கேட்டதால சொல்றேன்.

எங்க அக்கா பையன் காலேஜ் சேர்ந்தப்ப ஒரு ஸ்காலர்ஷிப்புக்கு அப்ளிகேஷன் போட்டோம். அக்காவுக்கு மெயில் ஐடி இல்ல, அதனால என் ஐடியைத்தான் குடுத்தோம். ரெண்டாவது வருஷம் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்துச்சு, ப்ரமோஷன்ஸ்ல விழுந்துச்சு, எனக்கு சத்தம் வரல, நான் போயும் பாக்கல. தேதி முடிஞ்சு பன்னெண்டு நாள் கழிச்சுத்தான் கண்ணுல பட்டுச்சு. அவங்ககிட்ட போன் பண்ணிக் கேட்டேன், ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. அந்த வருஷப் பணம் போச்சு. அக்கா ஒரு வார்த்தை கூட சொல்லல, கம்மலைக் கழட்டி அடகு வெச்சு ஃபீஸ் கட்டுச்சு. அந்த வெறும் காதை நான் ஒரு வருஷம் பாத்தேன்.

அதுக்கப்புறம் ஒரு வைராக்கியத்துல எல்லாத்துக்கும் சத்தம், வைப்ரேஷன், எல்லாம் ஆன். ஒரு நாள் சேலத்துல இருந்து பைக்ல திரும்பி வர்றேன், தொப்பூர் கணவாய் ஏத்தம், எதிர்ப் பக்கம் லோடு லாரிங்க பிரேக் புடிச்சுக்கிட்டே இறங்குது, ரப்பர் கருகற வாடை. எத்தன விபத்து நடந்த ரோடுன்னு நம்மூர்ல யாருக்கும் சொல்லத் தேவையில்ல. சட்டைப் பையில போன் அதிருது. ஒருவேளை காலேஜ் மெயிலா இருக்குமோன்னு மனசு அங்க போயிருச்சு, கை தானா பாக்கெட்டுக்குப் போச்சு, ஒரு கையால வண்டி ஓடுது. பின்னாடி வந்த லாரிக்காரரு அடிச்ச ஹாரன்லதான் திடுக்குனு நிமிந்தேன், வண்டி வெள்ளைக் கோட்டைத் தாண்டி நடு ரோட்டுக்கு வந்திருந்துச்சு. ஓரங்கட்டி நிறுத்தி ஹெல்மெட்டைக் கழட்டினா கை நடுங்குது. போனை எடுத்துப் பாத்தேன், ஒரு செருப்புக் கம்பெனி தள்ளுபடி மெயில்.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து யார் யார் மெயிலுக்கு நான் உடனே எந்திரிக்கணும்னு ஒரு பேப்பர்ல எழுதினேன். இந்த மெயிலை ராத்திரி பாத்தா யாருக்காவது நஷ்டமான்னு ஒவ்வொரு பேருக்கும் கேட்டுக்கிட்டேன். நெறைய எழுதுவேன்னு நினைச்சேன், மூணுதான் நின்னுச்சு. கடைக்கு அவசர வேலை குடுக்கற ஒரு ஆடிட்டர் ஆபீஸ், இந்தப் பத்திரிகை ஆசிரியர், அக்கா பையனோட ஸ்காலர்ஷிப் ஐடி. மூணுக்கும் ஃபில்டர் போட்டு லேபிள் ஒட்டி அதுக்கு மட்டும் மணி வெச்சேன். பைக்ல ஏறினா அந்த மூணும் கூட சைலன்ட்.

பையன் இந்த வருஷம் படிப்பை முடிச்சிட்டான். கோயமுத்தூர்ல வேலை, மொத மாச சம்பளத்துல அக்காவுக்குக் கம்மலை மீட்டுக் குடுத்துட்டான். போன வாரம் அந்த மூணாவது ஃபில்டரை எடுத்துட்டேன்.